வயலட் பேசிய எழுத்துகள்

செப்டம்பர் 4, திங்கள்

இன்றிலிருந்து தினமும் எழுத வேண்டும் என்று நஸ்ரின் சொல்லிவிட்டாள். நஸ்ரின் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண். இருபத்தாறு வயதிருக்கும். மேலப்பாளையத்திலிருந்து ஸ்கூட்டியில் வருகிறாள்.

"உங்க அக்கா வாயிலருந்து என்ன சத்தம் வந்தாலும் எழுதுங்க மேடம். வார்த்தையாத்தான் இருக்கணும்னு இல்ல. 'ம்'னு சொன்னாலும் எழுதுங்க. அன்னைக்கு வீட்டுல என்ன நடந்துச்சுன்னும் நாலு வரி எழுதி வச்சிக்கிடுங்க. பின்னால பாக்கும்போது உதவும்" என்றாள்.

நடந்தது இதுதான். ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி வயலட்டுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் பாதிதான் வேலை செய்கின்றன. பேச்சு போய்விட்டது. நாம் சொல்வது எல்லாம் புரிகிறது. பதில் அவள் கண்ணுக்குள் இருப்பதும் தெரிகிறது. வாய்க்கு வர மாட்டேன் என்கிறது. அத்தான் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஒரே மகன் ஜெபின் மஸ்கட்டில். பத்து நாள் லீவில் வந்து இருந்துவிட்டுப் போனான். வேறு ஆள் இல்லாததால் நான் மதுரையிலிருந்து வந்திருக்கிறேன். டைப்செட்டிங் வேலையை லேப்டாப்பில் இங்கிருந்தே செய்து அனுப்பலாம் என்று அச்சகத்து முதலாளி ஒத்துக்கொண்டார்.

பாளையங்கோட்டைக்கு ஆறு வருஷம் கழித்து வருகிறேன்.

இன்று வந்த சத்தம்: ம். ம்ம். ஆ. அம்மா. இல்ல. அவ்வளவுதான்.

செப்டம்பர் 5, செவ்வாய்

காலையில் இரண்டரை இட்லி. மாத்திரை ஐந்து. குளிப்பாட்ட முக்கால் மணி நேரம். பாத்ரூமில் ஸ்டூல் வழுக்குகிறது, அடியில் ரப்பர் போட வேண்டும்.

சத்தம்: ம், ஆ, இல்ல, இல்ல, இல்ல. கடைசி மூன்றும் நான் தலை சீவ வந்தபோது. இடது கையால் சீப்பைப் பிடுங்கித் தானே சீவிக்கொண்டாள். வகிடு கோணலாக இருந்தது.

செப்டம்பர் 7, வியாழன்

நஸ்ரின் நோட்டைப் பார்த்தாள். எழுதினால் மட்டும் போதாதாம், எண்ண வேண்டுமாம். ஒரு நாளைக்கு எத்தனை உயிரெழுத்து, எத்தனை வல்லினம், எத்தனை மெல்லினம், எத்தனை இடையினம்.

"ஸ்கூல்ல படிச்சதுதான் மேடம். க ச ட த ப ற வல்லினம். உதட்ட மூடித் திறந்தாலே 'ம' வந்துரும், அதான் அம்மா சீக்கிரம் வருது. 'க' சொல்லணும்னா நாக்கோட அடி மேல போய் ஒட்டி, படக்குனு விடணும். அந்த உத்தரவுதான் மூளையிலருந்து போக மாட்டேங்குது. வல்லினம் கூடிட்டே வந்தா பாதை தெறக்குதுன்னு அர்த்தம்."

அக்டோபர் முப்பதாம் தேதி நரம்பு டாக்டர் பார்ப்பார். முன்னேற்றம் தெரிந்தால் பயிற்சி தொடரும். இல்லாவிட்டால் அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். காத்திருப்பவர்கள் நிறைய. ஜெபினிடம் இதைச் சொன்னேன். "அப்படின்னா கோயம்புத்தூர்ல ஒரு ஹோம் பாத்து வச்சிருக்கேன் சித்தி. நர்ஸ், பிசியோ எல்லாம் உள்ளயே இருக்கு. நீங்களும் எத்தன நாள் கெடந்து அல்லாடுவீங்க?" என்றான். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். வயலட் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

செப்டம்பர் 10, ஞாயிறு

விரல் விட்டு எண்ணுவது எனக்குச் சரிப்படவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கணக்கு வருகிறது. போன வருஷம் ஆன்லைனில் பைதான் வகுப்பில் சேர்ந்து பாதியில் விட்டேன். அந்தப் பாதியை வைத்து ஒரு புரோகிராம் எழுத உட்கார்ந்தேன். அவள் சொன்னதை ஒரு ஃபைலில் டைப் அடிப்பது. புரோகிராம் அதை ஒவ்வொரு எழுத்தாக எடுத்துப் பார்க்கும். வல்லினப் பட்டியலில் இருந்தால் வல்லினத்தோடு ஒன்று கூட்டும், மெல்லினப் பட்டியலில் இருந்தால் மெல்லினத்தோடு. இவ்வளவுதான். பத்துப் பன்னிரண்டு வரி.

'அம்மா' என்று கொடுத்து மொத்தம் எத்தனை எழுத்து என்று கேட்டேன். ஐந்து என்றது. அ, ம், மா. மூன்றுதானே. சத்தமாகவே சிரித்துவிட்டேன். கம்ப்யூட்டருக்கு 'ம்' என்பது ஓர் எழுத்து இல்லை, ஒரு 'ம'வும் ஒரு புள்ளியும். 'மா' என்பது ஒரு 'ம'வும் ஒரு காலும். புள்ளியையும் காலையும் தனித்தனி ஆளாக எண்ணி வைத்திருக்கிறது. இருபது வருஷமாகத் தமிழ் டைப் அடிக்கிறேன், எனக்கே இப்போதுதான் உறைத்தது.

நான் சிரித்ததைக் கேட்டு வயலட் கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தாள். என்ன என்று கேட்கிற பார்வை. லேப்டாப்பைக் கொண்டுபோய்க் காட்டலாமா என்று நினைத்தேன். அதற்குள் குக்கர் விசில் அடித்தது.

செப்டம்பர் 13, புதன்

சரியாகிவிட்டது. புள்ளி, கால், கொம்பு, சுழி எல்லாவற்றுக்கும் தனிப் பட்டியல் போட்டு, அவை வந்தால் எண்ணாமல் முந்திய எழுத்தோடு சேர்த்துவிடு என்று எழுதினேன். அம்மா மூன்று. இல்ல மூன்று. வயலட் நான்கு.

அவள் இன்று சொன்னது இருபத்திரண்டு எழுத்து. உயிர் ஏழு, மெல்லினம் ஏழு, இடையினம் நான்கு, வல்லினம் நான்கு. வல்லினம் நான்குமே 'ப'தான். பால் என்பதை நான்கு முறை 'பா' என்றாள்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் ஆபரேட்டராக இருந்தவள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாள் முழுக்கப் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்தும் பேசுவாள். வாயை மூடவே மாட்டாள்.

செப்டம்பர் 18, திங்கள்

எதிர் வீட்டு அம்மா புட்டு கொண்டுவந்து கொடுத்தாள். "நீங்கதான் தங்கச்சியா? இத்தன வருஷமா வந்து பாத்ததே இல்லையே?" என்று கேட்டாள். வேலை என்றேன்.

எழுதுவது என்றால் முழுதும் எழுதிவிடுகிறேன். அம்மா இந்த வீட்டில்தான் இறந்தாள். நான் அப்போது மதுரையில். வயலட் என்னை ஃபோனில் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். என் ஃபோனில் சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது. நான் வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சவப்பெட்டி பக்கத்தில் வைத்து, அத்தனை பேர் முன்னாலும் வயலட் கத்தினாள். "கடைசி வரைக்கும் ஒன்னத்தான் கேட்டா. எங்கட்டி போயிருந்த?" சார்ஜ் இல்லை என்றேன். அதன்பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஆறு வருஷம். அவ்வளவுதான் விஷயம்.

புட்டு நன்றாக இருந்தது. வயலட் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கேட்டது என்றால், தட்டைத் தள்ளினாள்.

செப்டம்பர் 25, திங்கள்

நஸ்ரின் புதிதாக ஒன்று சொன்னாள். வயலட் சொன்னதை மட்டும் எழுதினால் எதற்குப் பதிலாகச் சொன்னாள் என்று தெரியவில்லையாம். நான் கேட்டதையும் எழுத வேண்டும். சரி என்று இன்றிலிருந்து 'நான்:' போட்டு ஒரு வரி, 'அவள்:' போட்டு ஒரு வரி. பேச்சுவார்த்தை மாதிரி பார்க்க அழகாக இருக்கிறது.

நான்: காப்பி குடிக்கியா?
அவள்: ம்.
நான்: சக்கரை போதுமா?
அவள்: ஆ.

ஸ்டூலுக்கு ரப்பர் போட்டாயிற்று.

அக்டோபர் 2, திங்கள்

எண்ணிக்கை ஏறுகிறது! வல்லினம் முந்தாநாள் முப்பத்தெட்டு, நேற்று நாற்பத்தொன்று, இன்று ஐம்பது. நஸ்ரினுக்கு ஆச்சரியம். "என்கிட்ட இவ்வளவு வர மாட்டேங்குதே மேடம். வீட்டுல நல்லா பேசுறாங்க போல" என்றாள். ஆஸ்பத்திரி என்றால் பயம் இருக்கும்தானே என்றேன்.

ஜெபினுக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். அவன் குரல் உடைந்துவிட்டது. "அப்போ கோயம்புத்தூர் பேச்ச இப்போதைக்கு விட்டுருவோம் சித்தி. தேங்க்ஸ் சித்தி" என்றான். வயலட்டிடம் சொன்னேன். நம்பாதவள் மாதிரி என்னையே பார்த்தாள். பிறகு இடது கையால் தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மத்தியானம் நெத்திலி வாங்கி வறுத்தேன்.

அக்டோபர் 9, திங்கள்

வல்லினம் ஐம்பத்தாறு. இனிமேல் குறையாது என்று தோன்றுகிறது.

மத்தியானம் வயலட் தூங்கும்போது அம்மா படுத்திருந்த அறையைப் பெருக்கினேன். கட்டில் போய்விட்டது, தையல் மிஷின் இருக்கிறது. அம்மா அன்றைக்கு எந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்திருந்தாள் என்றுகூட எனக்குத் தெரியாது. ஃபோன் மூன்று தடவை அடித்தது. இரண்டேகாலுக்கு ஒன்று, அப்புறம் அடுத்தடுத்து இரண்டு. கிளம்பியிருந்தால் ஆறு மணிக்குள் வந்திருக்கலாம்.

ஒட்டடை நிறைய இருந்தது. நாளை நீளக் கம்பு வாங்க வேண்டும்.

அக்டோபர் 12, வியாழன்

வயலட்டுக்குக் காய்ச்சல். காலையிலிருந்து கண்ணைத் திறக்கவில்லை. ஒரு சத்தமும் இல்லை, 'ம்' கூட இல்லை. டாக்டரிடம் கேட்டு மாத்திரை கொடுத்தேன். சாயங்காலம் வியர்த்து, காய்ச்சல் இறங்கியது.

பழக்கத்தில் ஃபைலை ஓட்டினேன். வல்லினம் அறுபத்தொன்று என்று வந்தது.

வாயே திறக்காதவளுக்கு அறுபத்தொன்று.

ஃபைலைத் திறந்து பார்த்தேன். காய்ச்சல் கொறஞ்சிருக்கா, தலை வலிக்கா, கஞ்சி கொண்டாரட்டா, டாக்டருக்கு ஃபோன் போடட்டா. எல்லாம் நான் பேசியது. 'நான்' என்று ஒரு வரி, 'அவள்' என்று ஒரு வரி எழுதினேனே தவிர, இவளுடையதை மட்டும் எண்ணு என்று புரோகிராமுக்குச் சொல்லவே இல்லை. ஃபைலில் இருந்த எல்லாவற்றையும் அது எண்ணியிருக்கிறது. செப்டம்பர் இருபத்தைந்திலிருந்து ஏறியதெல்லாம் என் பேச்சு. 'நான்' என்ற சொல்லைக்கூட அது தினமும் முப்பது தடவை வயலட் கணக்கில் சேர்த்து வைத்திருக்கிறது.

அக்டோபர் 13, வெள்ளி

மழை. துணி காயவில்லை.

அக்டோபர் 14, சனி

நஸ்ரின் ஃபோன் செய்தாள், காய்ச்சல் எப்படி என்று விசாரிக்க. தேவலை என்றேன். "டாக்டர்கிட்ட உங்க எண்ணிக்கையப் பத்திச் சொன்னேன் மேடம். ரொம்ப சந்தோஷப்பட்டாரு" என்றாள். சரி என்றேன்.

அவள் வரிகளை மட்டும் விரல் விட்டு எண்ணி, சரியான எண்ணிக்கையையும் பார்த்துவிட்டேன். ஒரு நாளைக்கு வல்லினம் ஆறு அல்லது ஏழு. முதலில் நான்காக இருந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் முப்பதாம் தேதி பயிற்சி நின்றுவிடும். ஜெபின் டிக்கெட் போட்டுவிடுவான். அவள் எங்கேயோ ஒரு கட்டிலில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சொல்லாமல் விட்டால் யாருக்கு நஷ்டம்? புரோகிராமை யாரும் திறந்து பார்க்கப்போவதில்லை.

கோதுமை மாவு வாங்க வேண்டும்.

அக்டோபர் 16, திங்கள்

சொல்லிவிட்டேன்.

வயலட் உள்ளே உதட்டுப் பயிற்சி செய்துகொண்டிருந்தாள், கண்ணாடியைப் பார்த்தபடி. வலது உதடு கீழே வழிய, அதை விரலால் தூக்கித் தூக்கி 'கா' சொல்லப் பார்த்தாள். இருபது தடவை. இருபதும் வெறும் காற்று. அப்படியும் இருபத்தொன்றாவது தடவைக்கு வாயைத் திறந்தாள். இவள் நாயாய்ப் படுகிற பாட்டுக்கு மேலே நான் என் பேச்சை ஏற்றி வைத்திருக்கிறேன். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. நஸ்ரினை வராந்தாவுக்குக் கூப்பிட்டேன்.

கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"நான்தான் சரிபாத்திருக்கணும். எனக்கே சந்தேகம் இருந்துச்சு, ஆசையில விட்டுட்டேன். நல்லவேளை முன்னாலயே சொன்னீங்க. இல்லேன்னா இந்த எண்ணிக்கைய நம்பி அடுத்த பயிற்சிக்குப் போயிருப்பேன், அவங்க தெணறியிருப்பாங்க" என்றாள். பிறகு ஃபைலைக் கேட்டாள். ஃபோனிலேயே மேலும் கீழும் தள்ளி வெகுநேரம் படித்தாள்.

"மேடம், ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"சொல்லும்மா."

"நீங்க கேக்குறது எல்லாமே வேணுமா, போதுமா, குடிக்கியா, வலிக்கான்னு இருக்கு. இதுக்கு 'ம்' போதும், 'இல்ல' போதும். அவங்க பேசுறதுக்கு நீங்க எடமே விடல. சும்மா பேசுங்க மேடம். கேள்வி கேக்காம. அக்கா தங்கச்சி பேசிக்கிடுற மாதிரி. பழைய கத, சண்ட, ஊர் வம்பு, என்ன வேணா பேசுங்க. மொதல்ல அவங்களக் கூப்பிட்டுப் பேசுங்க."

ஜெபினுக்கும் சொல்லிவிட்டேன். "சரி சித்தி, முப்பதாம் தேதி பாப்போம்" என்று மட்டும் சொன்னான்.

அக்டோபர் 17, செவ்வாய்

புரோகிராமைத் திருத்தினேன். 'அவள்' வரி தனியாக, 'நான்' வரி தனியாக. வேலை முடிந்த பிறகு, கூப்பிட்டுப் பேசுங்கள் என்று நஸ்ரின் சொன்னது ஞாபகம் வந்தது. என் வரிகளில் 'அக்கா' எத்தனை தடவை வருகிறது என்று தேடச் சொன்னேன்.

பூஜ்யம்.

ஏதோ பிழை என்று மறுபடி ஓட்டினேன். பூஜ்யம். 'வயலட்' என்று தேடினேன். அதுவும் பூஜ்யம். இருபது நாளுக்கு மேலான பேச்சு, எல்லாம் என் கையால் அடித்தது. இந்த நோட்டையும் புரட்டிப் பார்த்தேன். என் பேச்சில் வயலட், அவள், வயலட். அக்கா என்று எழுதியது அடுத்தவர் வாய்ப் பேச்சில் மட்டும்தான்.

அக்டோபர் 20, வெள்ளி

காலையில் காப்பியோடு போய் நின்றேன். இரண்டு தடவை தொண்டையைச் செருமினேன். "அக்கா" என்றேன்.

அவள் படக்கென்று நிமிர்ந்து பார்த்தாள். காப்பியை வாங்கக் கை நீட்டவில்லை. நானும் என்ன பேசுவது என்று தெரியாமல், அச்சகத்து முதலாளி விக் வைத்துக்கொண்டு பைக்கில் போனதையும், பாலத்தின் மேல் ஹெல்மெட்டைக் கழற்றியபோது விக்கும் கூடவே வந்ததையும் சொன்னேன். அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று புரியவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. "ச்...சீ" என்றாள். "பாவம்" என்றாள். முழுசாக. பா, வ, ம்.

காப்பி ஆறிப்போய்விட்டது. வேறு போட்டேன்.

மத்தியானம் கதை சொன்னேன், சாயங்காலம் சொன்னேன். பேசிப் பேசி வாய் வலித்தது. அவளுடைய வல்லினம் இன்று ஒன்பது. அத்தனையும் அவளுடையது.

அக்டோபர் 24, செவ்வாய்

சாப்பாட்டுக்குப் பிறகு அவள் வலது கையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். விரல்கள் மடங்கியே இருக்கும், ஒவ்வொன்றாகப் பிரித்துத் தேய்க்க வேண்டும். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அதனால்தான் சொல்ல வாய் வந்தது என்று நினைக்கிறேன்.

"அக்கா, அன்னைக்கு என் ஃபோன்ல சார்ஜ் இருந்துச்சு."

கை அப்படியே இருந்தது.

"நீ அடிச்சத மூணு தடவையும் பாத்தேன். கையிலதான் வச்சிருந்தேன். முந்தின வாரம்தான நீயும் நானும் சண்ட போட்டோம், அம்மாவ யாரு பாக்கதுன்னு. மறுபடியும் அதத்தான் பேசப் போறன்னு நெனச்சேன். அடிச்சு ஓயட்டும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அம்மாவுக்கு இப்படின்னு தெரியாதுக்கா. அப்புறம் எல்லாரு முன்னாலயும் நீ கேட்டப்ப, சார்ஜ் இல்லன்னு வந்துட்டு. அத மாத்திச் சொல்ல முடியல."

அவளுடைய இடது கை என் தலையில் வந்து விழுந்தது. தடவவில்லை. கனமாக அப்படியே இருந்தது.

"தெ... தெ..." என்றாள். நான் முடித்துக் கொடுக்கவில்லை. காத்திருந்தேன். "தெரி...யும்."

நிமிர்ந்து பார்த்தேன். கையை எடுத்துக் காதுப் பக்கம் ரிசீவர் மாதிரி வைத்தாள். "ரிங்..." என்றாள். மூச்சு விட்டாள். "ரிங் போச்சு."

அணைந்த ஃபோனுக்கு மணி போகாது. இதைத் தெரிந்துகொள்ள டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்திருக்க வேண்டியதில்லை. கூப்பிட்டவள் காதில் மணி அடித்திருக்கிறது, மூன்று முறையும். அவளிடம் போய் சார்ஜ் இல்லை என்றேன். அவள் அன்றைக்கே தெரிந்துகொண்டாள். தெரிந்தும், அத்தனை பேர் முன்னால் என்னைப் பொய்க்காரி என்று சொல்லவில்லை. நான்தான் அந்தப் பொய்யைக் காப்பாற்ற ஆறு வருஷம் மதுரையில் உட்கார்ந்திருந்தேன். இந்த நோட்டில்கூட அதையே எழுதினேன்.

அழுதேன். அவளும் அழுதாள். அவளுக்கு ஒரு கண்ணில்தான் நன்றாகத் தண்ணீர் வருகிறது.

கொஞ்ச நேரம் கழித்துத் தன் நெஞ்சைத் தொட்டு, "கத்...தி..." என்றாள். "கத்தி...னேன்." அதையும் முடிக்க விட்டேன்.

"கத்தாம என்ன செய்வ? நானா இருந்தா அடிச்சிருப்பேன்" என்றேன்.

இதை ஃபைலில் ஏற்றலாமா என்று தயங்கினேன். ஏற்றினேன். பொய்யாக எத்தனையோ ஏறியாயிற்று.

அக்டோபர் 30, திங்கள்

டாக்டர் அறை சின்னது. வயலட் அக்கா நடுவில், நான் ஒரு பக்கம், நஸ்ரின் ஒரு பக்கம். ஜெபின் என் ஃபோனில், வீடியோவில்.

நஸ்ரின் எண்ணிக்கையைச் சொன்னாள். எண்ணத் தொடங்கிய வாரம் ஒரு நாளைக்கு வல்லினம் நான்கு. இந்த வாரம் பதினொன்று. முதலில் பிழையாக வந்த எண்களையும் மறைக்காமல் சொன்னாள், தன் பங்கையும் சேர்த்து. டாக்டர் தாளைப் பார்த்தபடி இருந்தார். ஐம்பது வயதுக்காரர், முகத்தில் ஒன்றும் தெரியாது.

"முன்னேற்றம் இருக்கு. கம்மிதான்" என்றார்.

ஜெபின் ஆரம்பித்தான். "டாக்டர், எட்டு வாரத்துல ஏழு எழுத்து. சித்தி மொதல்ல அம்பதுன்னாங்க. நான் நம்பி ஆபீஸ்லயெல்லாம் சொல்லிட்டேன். தப்பா நெனைக்காதீங்க சித்தி, அம்மாவ நல்ல எடத்துல வச்சுப் பாக்கணும்னுதான்..."

"இது நல்ல எடம் இல்லியா?" என்றேன்.

"நான் அப்படிச் சொல்லல சித்தி."

"பின்ன எப்படிச் சொல்லுத? ஆறு வருஷம் வராதவ, நாளைக்கும் போயிருவான்னுதான?"

"நீங்களா சொல்லுதீங்க..."

"ஏ!"

அக்கா. இடது கையால் மேஜையில் ஓங்கி ஒரு தட்டு. டாக்டரின் பேனா உருண்டு கீழே விழுந்தது.

"சும்... சும்மா... இருங்க. ரெண்டு... பேரும்."

ஃபோனில் ஜெபினின் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. நெட் போய்விட்டதோ என்று பார்த்தேன், போகவில்லை. நஸ்ரின் உதட்டுக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்து பேனாவை எடுத்தாள்.

டாக்டர் தாளை மூடி வைத்துவிட்டு முதல் தடவையாக அக்காவை நேராகப் பார்த்தார். "அம்மா, நீங்களே சொல்லுங்க. உங்களுக்கு என்ன வேணும்? எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்ல" என்றார்.

நேரம் ஆனது. வெளியே அடுத்தவர் கதவைத் தட்டினார். நஸ்ரின் எழுந்துபோய்ப் பொறுக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

"நான்... இங்க. இவ... கூட." பிறகு ஃபோனைப் பார்த்து, மெதுவாக, "நீ... வா. கிறிஸ்...மஸ்."

ஜெபின் முகத்தை மறைத்துக்கொண்டான். "வாரேம்மா" என்றான்.

இன்னும் எட்டு வாரம் என்று எழுதிக் கொடுத்தார். பேச்சு முழுதும் திரும்பும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றும் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை, அக்காவைப் பார்த்துச் சொன்னார். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். வரும் வழியில் ஆட்டோவில் ரொம்ப நேரம் கண்ணை மூடியிருந்தாள். வீட்டு வாசலில் இறங்கும்போது என் தோளைப் பிடித்த பிடி வலித்தது.

நவம்பர் 5, ஞாயிறு

பக்கவாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக அக்கா கோயிலுக்குப் போனாள். அவளே கேட்டாள். "கோயில்" என்றாள், சேலை அலமாரியைக் காட்டினாள். நீலம் வேண்டாம், பச்சை. மடிப்பு எடுக்க எனக்கு வரவில்லை, திட்டு வாங்கினேன். திட்டு என்பது "ச்சே" மட்டும்தான், ஆனால் பழைய வேகம் இருந்தது.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் ஆட்கள் சுற்றிக்கொண்டார்கள். எப்படி இருக்கீங்க, சாப்பிடுதீங்களா, தூங்குதீங்களா. எல்லோரும் அக்காவைக் கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கும் நாக்கு நுனி வரை வந்தது. நான் செருப்புப் போடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

போதகரின் மனைவி வந்தார். இங்கே வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறதாம், என்னைப் பார்த்ததில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "கூட வந்திருக்கது யாரு?" என்று கேட்டார்.

"இவ..." என்றாள் அக்கா. "என்... அக்கா."

தவறு என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. தலையை வேகமாக ஆட்டினாள். முகம் சிவந்தது. பக்கத்தில் நின்ற ஒருத்தி, "தங்கச்சியா இருக்கும்" என்று சொல்ல வாயெடுத்தாள். நான் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து அழுத்தினேன். அவள் நிறுத்திக்கொண்டாள்.

"இவ. என்." அக்கா கண்ணை மூடினாள். நாக்கு மேலே போவது தாடையில் தெரிந்தது. ஒரு தடவை காற்று. இன்னொரு தடவை காற்று. ஐந்தாறு பெண்கள், பச்சைச் சேலையில் என் அக்கா, நான். மேலே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. யாரும் அவசரப்படவில்லை.

"தங்...கச்சி" என்றாள்.